குறிப்பேட்டில் மட்டும் எட்டு மணி

பிறப்பு: 1951, மார்ச் 9. பணி: பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர், முப்பத்து நான்கு ஆண்டுகள். பார்க்கின்சன் நோய் உறுதியானது: 2016. சிறப்பு மருத்துவமனையில் சேர்ந்தது: 2023, ஜூன் 12.

ஊர்ப் பேருந்துகளையெல்லாம் விரட்டி விரட்டி நகர்த்தியவர், தம் வீட்டு வாசலில் பசை தடவியதுபோல் நின்றுவிடுவார். "வண்டி பிரேக்டவுன்" என்று அவரே அறிவித்தும் கொள்வார். அவரைத் தாங்கித் தாங்கி முதுகொடிந்த மனைவிக்குச் சிரிப்பு வற்றியிருந்தது. உள்ளூர் மருத்துவர் மாத்திரையைக் கூட்டியும் பயனில்லை. இங்கும் நடை திரும்பாவிட்டால் முதியோர் இல்லம் என்று முடிவாகியிருந்தது.

சிறப்புப் பிரிவின் செவிலியர் இருபது ஆண்டுகளாக இந்நோயை மட்டுமே பார்ப்பவர். முதல் நாளே நோயாளியின் மாத்திரைக் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார்.

"ஏழு வருஷமா காலையில எட்டு மணி, எட்டு மணி, எட்டு மணி. ஒரு நிமிஷம்கூட முன்னப்பின்ன இல்ல. எந்த பஸ்ஸு சார் இப்படி வரும்?"

அவர் வாய் திறக்குமுன் மனைவி போட்டு உடைத்தாள். "எட்டு மணியாவது சிஸ்டர்! பேப்பர் படிச்சு, சாப்பிட்டு, ஒன்பதரைக்குத்தான் முழுங்குவாரு. நோட்டுல மட்டும் எட்டு."

பணிமனைப் பழக்கம் அது. வேண்டிய ஓட்டுநர் தாமதித்தால், பதிவேட்டில் அட்டவணை நேரத்தையே எழுதிவிடுவார். அதே தாராளத்தைத் தமக்கும் காட்டியிருந்தார். அந்த ஏட்டை நம்பித்தான் உள்ளூர் மருத்துவர் மாத்திரையைக் கூட்டியது. பணிக்காலம் முழுக்க மாட்டாத ஆசாமி, ஓய்வுபெற்ற பிறகு கையும் களவுமாகச் சிக்கினார். கை வேறு நடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப மாத்திரை மேல தப்பில்ல. சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா இது சரியா உடம்புல சேராது," என்றார் செவிலியர். " இனிமே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, நான் கடிகாரத்தோட நிப்பேன்."

"சரி சிஸ்டர். மெமோ மட்டும் குடுத்துடாதீங்க."

ஒன்பது நாள், ஐந்து வேளையும் மணியடித்தாற்போல் மாத்திரை வந்தது. நடையும் நடுக்கமும் மணிக்கொரு முறை பதிவாயின. அதைப் பார்த்து அங்கிருந்த மருத்துவர் அளவைக் குறைத்தார். இயன்முறை சிகிச்சையாளர் தரையில் வெள்ளை நாடா ஒட்டி, ஒவ்வொன்றையும் தாண்டி நடக்கச் சொன்னார். உறைந்த கால் கோட்டைக் கண்டதும் கிளம்பியது.

"கோடு போட்டாத்தான் நகருமாம் எங்க வீட்டு வண்டி," என்று மனைவி சிரித்தாள்.

பத்தாம் நாள், கட்டிலிலிருந்து லிஃப்ட் வரை யார் கையையும் பிடிக்காமல் நடந்தார். நடுவில் ஒருமுறை நின்று, இல்லாத கோடொன்றைத் தாண்டினார். பையுடன் பின்னால் வந்த மனைவி கைப்பேசியை எடுத்தாள்.

"அந்த இல்லத்துக்காரங்ககிட்ட வேணாம்னு சொல்லிடறேன். ஆனா நோட்டுல மறுபடி கதை எழுதினீங்க, நானே கொண்டுபோய் விட்டுருவேன்."

மறுநாள் காலை, வீட்டில், புதுக் குறிப்பேட்டின் முதல் வரியை எழுதினார்.

குறித்த நேரம்: 8.00. விழுங்கிய நேரம்: 8.04.