தலைக்கு மேல் ஒரு சாண்

கண்ணாடியை வாயருகே கொண்டுபோய் ஒருமுறை ஊதுவான். மெல்லிய துணியால் வலது வில்லை, இடது வில்லை, பிறகு மூக்கில் உட்காரும் இடம் என்று வரிசை தப்பாமல் துடைப்பான். துடைத்ததும் கொடுத்துவிட மாட்டான். வாடிக்கையாளரின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், சுவரில் பல்லி ஊர்வதைக் கவனிப்பவன் போல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான்.

"நீலம். நல்ல நீலம். மனசுல கபடமே இல்லை உங்களுக்கு."

மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர் கபடமில்லாதவராகத் திரும்பிப் போவார். அப்புறம் எப்படிப் பேரம் பேசுவார்?

என் தம்பிதான். கடைத்தெருவில் அவனுக்கு 'வெளிச்சம்' என்று பெயர். "வெளிச்சம் இருக்காரா?" என்று பக்கத்துச் சாவிக்கடையில் யாராவது கேட்டால், "கடையில இருக்கு, தலையில இருக்கான்னுதான் தெரியலை" என்று பதில் வரும். தம்பி கோபித்துக்கொள்வதில்லை. சாவிக்கடைக்காரரின் ஒளி சிவப்பாம். அதனால் அப்படித்தான் பேசுவாராம்.

பிரம்மஞான சபையில் சேர்ந்த பிறகு வந்த பழக்கம் இது. ஞாயிறு மாலைகளில் ஒரு மாடியறையில் கூடுவார்கள். எந்த மதத்தவரும் வரலாம், யாரும் தன் மதத்தை விட வேண்டியதில்லை. எல்லா மதங்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே ஞானம் என்பது அவர்கள் கொள்கை. இந்த உடம்பைத் தவிர மனிதனுக்குச் சூட்சும உடம்புகளும் உண்டு, அவற்றின் ஒளி தலையைச் சுற்றி வட்டமாக நிற்கும் என்றும் அங்கே படித்தார்கள். மற்றவர்கள் படித்ததோடு சரி. என் தம்பி பார்த்தான்!

நான் எட்டாவதோடு நின்றவள். சூட்சுமமெல்லாம் எனக்குப் பிடிபடாது. ஆனால் பிறருக்குத் தெரியாதது எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிகிறது என்றால் லேசா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

சபையின் சுவரில் பெரிய எழுத்தில், 'சத்தியத்தைவிட உயர்ந்த மதம் இல்லை' என்று எழுதியிருக்கும். அதன் கீழே, மஞ்சள் பல்புக்கு நேர் அடியில், தலைவரின் நாற்காலி. தபால் இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய ஒளி பொன்னிறம் என்று தம்பி சொன்ன நாளிலிருந்து, தலையில் தண்ணீர்க்குடம் இருப்பதுபோலக் கழுத்தை அசைக்காமல் நடப்பார்.

சபையின் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டு அந்த மூலையில் உட்காரும் நூலக அம்மாவுக்குத்தான் யோகம் இல்லை. "உங்களுது கொஞ்சம் மங்கல்தாம்மா. இன்னும் உழைக்கணும்" என்று சொல்லிவிட்டான். பாவம், அந்த அம்மா உழைத்தார். தேநீரில் சர்க்கரையை விட்டார். மருமகளோடு மல்லுக்கு நிற்பதை விட்டார். வாசிப்பு வட்டத்தை நடத்தச் சொல்லி எல்லோரும் வற்புறுத்தியபோது, "மங்கலா இருக்கறவ மத்தவங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது?" என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த அலமாரிப் புத்தகங்களை ஒன்று விடாமல் படித்தவர் சபையில் அவர் ஒருவர்தான்.

ஒரு மத்தியானம் தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பேருந்து ஓட்டிய பெரியவர் ஒருவர், கண்ணாடியை மாற்றியும் பார்வை சரியில்லை என்று வந்திருந்தார். தம்பி எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டான்.

"விளக்கைப் பாத்தா, சுத்தி வளையம் மாதிரி தெரியுதா?"

"தெரியுது. விளக்கு முன்னாடி யாராவது நின்னா அவங்க தலையைச் சுத்திக்கூடத் தெரியுது."

"அது கண்ணுல புரைங்க. கண்ணாடியால தீராது, டாக்டர்கிட்டப் போயி..."

பாதியில் நின்றுவிட்டான். கையிலிருந்த துணியும் நின்றது.

பெரியவர் போனதும், "அக்கா, அந்த மேசை விளக்கைப் போடு" என்றான். போட்டேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மறு கண்ணை மூடிப் பார்த்தான்.

"என்னடா?"

"பொன்னிறம். தலைவரோடது மாதிரியே இருக்கு."

"விளக்குக்குமா சூட்சும உடம்பு?"

"எனக்குப் புரைக்கா."

எதிர்க்கடையின் நீல விளக்குப் பலகையையும் சாவிக்கடையின் சிவப்பு விளக்கையும் மாறி மாறிப் பார்த்தான். ஊரையெல்லாம் கேட்ட கேள்வியைத் தன்னை மட்டும் அவன் அதுவரை கேட்டுக்கொண்டதில்லை. சாப்பாட்டை மூடியே வைத்தான்.

"ஆபரேஷன் பண்ணினா எல்லாம் போயிடும். அங்க எல்லாரும் படிச்சவங்க. எனக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"கமுக்கமாப் பண்ணிக்கோ. ஒளி மறைஞ்சிருச்சுன்னு சொல்லு. யாரு கேக்கப் போறா?"

"சுவத்துல எழுதியிருக்கே." துணியை மடித்தபடியே, "அந்த அம்மா சர்க்கரைகூடப் போட்டுக்கறதில்லைக்கா" என்றான்.

ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து மறு கண்ணிலும் முடிந்த பிறகு, கறுப்புக்கண்ணாடியோடு சபைக்குப் போனான். துணைக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எழுந்து நின்றவன் சுற்றி வளைக்கவில்லை.

"நான் பாத்தது உங்க ஒளியை இல்லைங்க. என் கண்ணுல புரை இருந்திருக்கு. அலமாரிப் பக்கம் பல்பு வெளிச்சம் வராது. அம்மாவை மங்கல்னு சொன்னது அதனாலதான்."



"அப்ப என்னோட பொன்னிறம்?" என்றார் தலைவர்.

"அது பல்போடதுங்கய்யா."

தலைவர் அண்ணாந்து பார்த்தார். அவர் கழுத்து அசைந்து அன்றுதான் பார்த்தேன். "ஒளி உண்டு. பாக்கறதுக்குத்தான் இன்னும் ஆள் வரலை" என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

நூலக அம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்ப, மருமககிட்ட நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததெல்லாம் வீணா?"

அறை அதிரச் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. கறுப்புக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். அலமாரி மூலைக்குப் போய் அந்த அம்மாவின் நாற்காலியைத் தூக்கிவந்து, தலைவருடையதைச் சற்று நகர்த்திவிட்டு, பல்புக்கு நேர் கீழே போட்டான்.

"நீங்க படிச்சுச் சொல்லுங்கம்மா."

அவர் வந்து உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். கண்ணாடியில் படிந்திருந்த தூசியில் எழுத்து மங்கலாகத் தெரியவே அதைக் கழற்றினார். அதைத் தம்பி கையில் வாங்கி, ஒருமுறை ஊதி, வலது, இடது, மூக்கில் உட்காரும் இடம் என்று துடைத்தான். பிறகு, தலைக்கு மேலே பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்து, கண்ணாடியை மாட்டிவிட்டான்.