உயிர் இருக்கும்போதே

எழுபதுகளின் கடைசியில், மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராம ஆஸ்பத்திரிக்கு நான் டாக்டராகப் போனபோது, என்னிடம் இருந்த பெரிய சொத்து ஒரு பூட்டும் சாவியும். என் குவார்ட்டர்ஸ், என் பூட்டு. இருட்டுமுன் விடுதிக்கு வந்துவிடு என்று அதட்ட யாரும் இல்லை. வார்டில் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கப் பெரிய டாக்டரும் இல்லை. அடேயப்பா, எவ்வளவு மிதப்பாகத் திரிந்தேன்! சந்தேகம் வந்தால் ஓடிப்போய்க் கேட்கவும் அங்கே ஆள் இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

முதலில் வந்தது ஒரு விவசாயக் குடும்பத்து அம்மா. கால் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். இதயம் ஓய்ந்துபோயிருந்தது. மகன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏனுங்கம்மிணி, தேறாதுன்னா இப்பவே சொல்லிப் போடுங்க. உசுரு இருக்கறப்பவே ஊட்டுக்குக் கொண்டு போயிர்றோமுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற தாயைச் சாகக் கொண்டுபோக இவ்வளவு அவசரமா? “நான் பார்த்துக்கறேன், நீங்க வெளியில இருங்க” என்று விரட்டினேன். மத்தியானம் அந்த அம்மா என் கண் முன்னாலேயே போய்விட்டார்.

வெளியில் உயிர் பிரிந்தால் உடலை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. எனக்குத் தெரியாது. சாவுக்குப் போய்வந்த கம்பவுண்டர்தான் சொன்னார். நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய வீட்டுக்கு வெளியே, தெருவோரக் கீற்றுப் பந்தலில் கிடத்தியிருந்தார்களாம்.

“மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க டாக்டரம்மா” என்றார்.

அடுத்த மாதம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரைத் தூக்கி வந்தார்கள். மூளைக்காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது, நினைவில்லை. சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டால் இவருக்கும் தெருவோரம்தானே என்று பயம் பிடித்துக்கொண்டது. அவர் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானாகத்தான் சொன்னேன்.

“இனிமே ஒண்ணும் இல்லைம்மா. வீட்டுக்குக் கொண்டு போயிருங்க.”

ஏன் இல்லை? பென்சிலின் இருந்தது, டிரிப் இருந்தது. இரண்டு நாள் கூடவே இருந்து பார்த்திருக்கலாம். இன்னொரு பழியைச் சுமக்க எனக்குத்தான் தைரியம் இல்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு இரக்கம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அவரைப் படுக்கவைத்து ஓட்டிப் போனார்கள். இந்தத் தடவை சரியாகச் செய்துவிட்டேன் என்றுதான் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு மாதம் கழித்து அவர் மனைவி வந்தார். கையில் மஞ்சள் பை நிறைய நிலக்கடலை.

“மூணு நாள் இருந்தாருங்க. ரெண்டாம் நாள் கண்ணு முழிச்சு, ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாருங்க. ஆசுபத்திரிக்கே போலாம்னாருங்க.”

“ஏம்மா கொண்டு வரலை?” என்றேன்.

“நீங்கதான் ஒண்ணும் இல்லைன்னுட்டீங்களே. மறுக்காக் கொண்டாந்து, இங்கயே போயிருச்சுன்னா என்னங்க பண்றது?”

பையை என் மேசைமேல் வைத்தார்.

“ஊட்டுக்குள்ளயே போச்சுங்க உசுரு. நடு ஊட்டுல வெச்சுத்தான் தூக்குனோம். எல்லாம் உங்களாலதானுங்க சாமி. நீங்க நல்லா இருக்கோணும்” என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.