அப்பாவின் சைக்கிளில் ரப்பர் விறகு

சண்டையில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்த பிறகு, வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, அப்பா எனக்கு அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தார். நான் சுங்கைப் பட்டாணி டவுனில், எங்கள் துணிக்கடையின் மேல்மாடியில் வளர்ந்தவள். சுவரில் விசையைத் தட்டினால் விளக்கு எரியும்; அடுப்புக்குக் கரி மூட்டையில் வரும். வாழ்க்கைப்பட்டது கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் கரண்டு கிடையாது, மண்ணெண்ணெயும் நின்றுபோயிருந்தது. தீப்பெட்டிகூட இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சிரட்டையில் கங்கு வாங்கி வந்துதான் அடுப்பு மூட்ட வேண்டும்.

முதல் வாரமே மூன்று முறை, வாங்கி வந்த கங்கு அணைந்துபோகும்படி ஊதிவிட்டேன். அக்கா கோபிக்கவில்லை.

"இப்படி ஊதினா நெருப்பு பயந்துடும்லா. மெதுவா ஊது தங்கச்சி."

என் கணவருக்கு ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நடும் வேலை. வரும்போது காய்ந்த கிளைகளாகப் பொறுக்கித் தோளில் சுமந்து வருவார். "பச்ச வெறகு உன் கண்ணக் கெடுத்துடும்" என்றார் ஒருநாள். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

இரண்டாம் மாதம் அப்பா சைக்கிளில் வந்தார். புகையில் இருமிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு? கெளம்பு, வீட்டுக்குப் போலாம். அங்க லைட்டாவது இருக்கு."

எனக்கும் அழுகை வந்தது. போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. முதலில் சாப்பிடட்டும் என்று அவித்த மரவள்ளியும் மிளகாய்ச் சம்பலும் சுடச்சுட வைத்தேன். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வை என்று இரண்டு முறை கேட்டார்.

"வீட்ல அம்மா சமைக்கலயாப்பா?"

அவர் தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கரி வர்றதே இல்லம்மா. ஒரு வேளைதான் அடுப்பெரியுது. போன வாரம் கடைப் பலகைய ஒடச்சு எரிச்சோம். லைட்டு மட்டும் ஜோரா எரியுது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து போய், ஒரு கட்டு விறகை அப்பாவின் சைக்கிளில் வைத்துக் கட்டினார்.

"காஞ்சதுதான் மாமா. பொகையாது."

அப்பா ஹேண்டிலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "நீ வர்றியாம்மா?"

"நீங்க அடுத்த வாரம் வாங்கப்பா" என்றேன்.

சண்டை முடியும்வரை வாரம் தவறாமல் வந்தார். மகளைப் பார்க்க வந்ததாகத்தான் லயத்தில் எல்லாரிடமும் சொல்வார். அக்கா மட்டும் விடமாட்டாள்.

"மகளப் பாக்க வர்றதுக்கு சைக்கிள்ல இத்தன கயிறு எதுக்குலா மாமா?"