பழைய வடிவத்தில் ஓடிய நிரல்

இதைக் கேட்டவர்கள் எனக்குத் தூக்கம் போதவில்லை என்றார்கள். நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன். பட்டப்பகல். பக்கத்தில் இன்னொருவரும் இருந்தார்.

1999, புத்தாண்டின் இரண்டாம் நாள். நாங்கள் படித்த சின்ச்சு நகரம். மாணவர்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். எங்கள் ஆய்வகத்தின் அரட்டைப் பலகை ஓடும் கணினியைப் புதுப்பிக்க அதுதான் நல்ல நாள். நானும் என் சீனியர் கோங்கும் மட்டும் இருந்தோம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் இயங்குதளமான யூனிக்ஸ், நிரல் கோப்புகளின் வடிவத்தையே மாற்றியிருந்தது. ஒவ்வொரு நிரலின் தொடக்கத்திலும் அது எந்த வடிவம் என்று சொல்லும் அடையாளம் இருக்கும். இயங்குதளத்தின் மையமான கர்னல் அதைப் பார்த்த பிறகுதான் நிரலை ஓட்டும். தெரியாத வடிவம் என்றால் மறுத்துவிடும்.

"பழைய வடிவத்தைப் படிக்கிற பகுதி இருந்துட்டுப் போகட்டுமே அண்ணே. பழைய நிரல் ஏதாவது கிடந்தா..."

"உன்கிட்ட யோசனை கேட்டேனா? தூக்குடா."

தூக்கினேன்.

மதியம் 2:40. கணினி மறுபடி எழுந்தது. எல்லாம் ஓடியது. கோங் நூடுல்ஸுக்கு வெந்நீர் ஊற்றப் போனார்.

2:52. ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தேன். ஒன்று கூடுதலாக இருந்தது. வரிசை எண் 212. உரிமையாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் 1013. கணக்கு அழிக்கப்பட்டவர்களுக்குத்தான் அப்படிக் காட்டும்.

கோப்பைச் சோதித்தேன். பழைய வடிவம்.

நானே ஓட்டிப் பார்த்தேன். வடிவம் தவறு என்று கர்னல் மறுத்தது. மறுக்கத்தான் வேண்டும். ஆனால் பட்டியலில் அது ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தினேன். மறைந்தது. திரும்ப வந்தது... எண் 97.

புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இந்த எண்கள் ஏறும். இறங்காது.

"அண்ணே, கொஞ்சம் வாங்க."

"ஒரு வேலைய உருப்படியா செய்யத் தெரியுதா உனக்கு? தள்ளு."

1013ஐப் பார்த்தார். கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து, சூடான சூப் அவர் காலில் கொட்டியது. அவர் காலை நகர்த்தவில்லை.

"சூ-யின்," என்றார். "அவ செத்து மூணு வருஷமாச்சு."

அவருடன் படித்தவள். ஸ்கூட்டர் விபத்து. பலகையை இடைவிடாமல் கண்காணிக்கும் காவல் நிரலில் அவளுக்கும் பங்குண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். எழுதியவர் என்று நிரலில் கோங் பெயர் மட்டும்தான் இருந்தது.

அவர் அந்தக் கோப்பை அழித்தார்.

எண் 40.

3:11. எண் 9. திரையில் ஒரு வரி.

யார் எடுத்தது?

நான் எடுத்த பகுதியைக் கேட்கிறது என்று நினைத்தேன்.

கோங் என்னைத் திரும்பிப் பார்த்தார். விசைப்பலகையை இழுத்து, என் பெயரைத் தட்டினார். ஜுன்-ஹான்.

"என்ன பண்றீங்க அண்ணே?"

"வாய மூடு."

எண் 4.

ஒன்றாம் எண்தான் எல்லா நிரல்களுக்கும் தாய். அங்கே அது போய் உட்கார்ந்தால்...

3:15. மின்கம்பியைப் பிடுங்கினேன்.

திரை இருண்டது. கணினியின் விசிறி நிற்கவில்லை.

ர்ர்ர்ர்...

கம்பி என் கையில் இருந்தது.

ர்ர்ர்...

கோங் ஓடிவிட்டார்.

நாற்பது வரை எண்ணினேன்.

நின்றது.

கோங் அதன்பின் ஆய்வகத்துக்கு வரவே இல்லை. பழைய காப்பு நாடாவிலிருந்து காவல் நிரலின் முதல் பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரி விடாமல் சூ-யின் எழுதியது; தலைப்பில் அவள் பெயர் மட்டும். என்ன எடுக்கப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது. அவள் பெயரைத் திரும்பப் போட்டேன். ஏப்ரலில் அதை அச்சிட்டு, அவள் ஊரான மியாவ்லியில் அவள் அம்மாவிடம் கொடுக்கப் போனேன்.

அம்மா காகிதத்தைத் தடவிக்கொண்டே பேசினார்.

"புத்தாண்டு ரெண்டாம் நாள் மூணேகாலுக்கு போன் வந்துச்சு தம்பி. எடுத்தா மோடம் சத்தம். அவ லீவுக்கு வந்து கம்ப்யூட்டர போன்ல மாட்டுனா வீட்ல கேக்குமே, அதே சத்தம்."

"எவ்வளவு நேரம்மா கேட்டுச்சு?"

"நான் இன்னும் வைக்கலையே."

மேசைமேல் ரிசீவர் தனியாகக் கிடந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். கீய்ங்... நடுநடுவே, மூச்சு.

சூ-யினின் அக்கா வாசல்வரை வந்தார். அம்மாவுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"போன் லைன வெட்டி ரெண்டு வருஷமாச்சு. அம்மாகிட்ட சொல்ல மனசு வரல."