ஏற்றுவதற்கும் ஒரு மருந்து

பிள்ளைகளே, பைக்கிலிருந்து விழுந்து உங்கள் சித்தப்பா தலையில் பலத்த அடியோடு நினைவின்றிக் கிடந்தபோது, எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேலேயே சந்தேகம். வீட்டில் பிரஷரைக் குறைக்க மாத்திரை போடுகிறவனுக்கு அங்கே பிரஷரை ஏற்ற மருந்து கொடுத்தார்கள். தறியில் பாவு விறைத்தால், இழை அறுவதற்கு முன் தளர்த்துகிறவர்கள் நாம். அவனுடைய மாத்திரையைப் பொடித்துப் பொட்டலமாக மடித்துச் சட்டைப்பையில் எடுத்துப்போனேன். கஞ்சி போகிற மூக்குக் குழாயில் கரைத்து ஊற்றிவிடலாம் என்று.

“பையில இன்னாண்ணா?” என்றாள் நர்ஸ்.

“விபூதிம்மா. பிரஷர ஏத்தினா நரம்பு அறுந்துடாதா?”

“மூளை வீங்கிக்கினு இருக்குதுண்ணா. பிரஷர் இறங்குனா உள்ள ரத்தமே போவாது. அளவு பாத்துதான் ஏத்துறோம். விபூதிய நெத்தில மட்டும் வைங்க!”

முழுசாக நம்பவில்லை. ஆனாலும் வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் தனியாக நின்று பொட்டலத்தைப் பிரித்து, பொடியைத் தண்ணீரோடு போகவிட்டேன்.