ஒரே மூச்சில் ஒரு மந்திரம்

அம்மாவின் மூச்சை அளக்க எங்கள் வீட்டில் கருவி எதுவும் கிடையாது. அப்பா சங்கு குளிப்பவர். அவர் கடலுக்குள் மூழ்கியதும் வள்ளத்தில் கயிறு பிடித்திருக்கும் என் தாய்மாமா, 'அருள் நிறைந்த மரியே' என்ற மாதா மந்திரத்தைச் சொல்லத் தொடங்குவார். எத்தனை மந்திரம் முடிந்தது என்பதுதான் அப்பாவின் மூச்சுக்குக் கணக்கு.

அந்தக் கணக்கையே அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்தார். எழுபதுகளின் தொடக்கம். அடுப்புப் புகை அம்மாவின் நெஞ்சைக் கெடுத்திருந்தது. இது போகாது, பார்த்துப் பக்குவமாக நடந்துகொள்ள வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் காப்பியைக் கீழே வைத்துவிட்டு அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். அம்மா ஒரே மூச்சில் மந்திரம் சொல்ல வேண்டும். பாதியில் சேசுவின் பெயர் வரும். அதைத் தொட்டுவிட்டால் அவர் கடலுக்குப் போவார். அதற்குள் மூச்சு இளைத்துவிட்டால் அன்று தண்ணீர் தூக்குவதும், முற்றத்தில் அடுப்பு மூட்டிச் சமைப்பதும் அவர் பாடு. அவர் வைத்த குழம்புக்கு மூச்சுமுட்டலே தேவலை என்பாள் அம்மா.

சங்கு நன்றாகக் கிடைக்கும் நாளில் அவர் வீட்டில் கிடப்பது அம்மாவுக்குப் பொறுக்காது. அப்படி ஒரு காலையில், என்னைப் பக்கத்தில் நிறுத்தி, கூடவே உரக்கச் சொல்லச் சொன்னாள். என் சத்தத்துக்கு அடியில் இரண்டு தடவை மூச்சு வாங்கிக்கொண்டாள். அப்பா வாயெல்லாம் பல்லாகக் கிளம்பிப் போனார். பத்து வயதில் எனக்கும் அது பெரிய சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

அவர் திரும்பி வந்தபோது அம்மா தலையணையை அணைத்து முன்னால் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. விசிறிக்கொண்டே அழுது எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அவளுக்கு மூச்சிரைப்பு தணியும்வரை முதுகைத் தடவிக் கொடுத்தவர், பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, கயிறு பிடிக்கவன் பொய் சொன்னா, கீழ கெடக்கவன் எப்பிடி மேல வருவான்?"

அதன்பிறகு ஆறு வருஷம், தினமும் வாயை மூடிக்கொண்டு எதிரே நின்று கேட்டேன். அந்தக் காலைகளுக்காக, ஆறிப்போன அந்தக் காப்பிக்காக, இன்றும் ஏங்குகிறேன். கடைசி வருஷம் அம்மாவால் முதல் மூன்று சொல்லைத் தாண்ட முடியவில்லை. அப்பா கடலையே விட்டுவிட்டு, கரையில் வேலை பார்த்தார். குழம்பும் நன்றாக வைக்கப் பழகியிருந்தார்.

அம்மாவின் அடக்கத்தன்று எல்லோரும் செபமாலையில் அதே மந்திரத்தைச் சொன்னார்கள். மூன்றாவது சொல்லில் அப்பா நின்றுவிட்டார். நானும் நின்றுவிட்டேன். மற்றவர்கள் மந்திரத்தை முடித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அவள் மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தோம்.