லேப்டாப்பில் நைனா

நான் ஆறாவது படித்த வருஷம், பெங்களூரில் வேலை பார்த்த மாமா ஒரு பழைய லேப்டாப்பை ஆந்திராவில், நாகலாபுரத்தில் இருந்த எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். மூடி ஆடும், நெட் வயர் சொருகுகிற துளை உடைந்திருந்தது. விண்டோஸ் அதற்குத் தாங்கவில்லையென்று லினக்ஸ் ஏற்றியிருந்தார்.

அம்மாவின் கண் அதன்மேல் விழுந்தது. நைனா என்றுதான் நான் கூப்பிடும் என் அப்பா குவைத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாரம் தவறாமல் போன் வரும். அம்மாவுக்கு அது போதவில்லை.

"கொரல மட்டும் கேட்டுக்கினு இருந்தா ஆவாது. மூஞ்சி பாக்கணும்" என்றாள்.

எதிர்வீட்டு டீச்சரம்மா வீட்டில் வைஃபை இருந்தது, கம்ப்யூட்டர் இல்லை. பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்த டீச்சரம்மா, தன் வீட்டிலேயே உட்கார்ந்து பேசச் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "அடுத்தவங்க வூட்ல ஒக்காந்து பேசற பேச்சு இல்ல இது" என்று என்னிடம் சொன்னாள்.

ஆனால் எங்கள் லேப்டாப்பின் கண்ணில் அந்த வைஃபை படவேயில்லை. அம்மா மாமாவுக்குப் போன் போட்டு என் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் தட்டுவேன். லேப்டாப் ஓரத்திலிருந்த வைஃபை சுவிட்சைத் தள்ளிப் பார்த்தோம். அணைத்து அணைத்துப் போட்டோம். மூன்றாம் நாள், கறுப்புத் திரையில் வந்த வரிகளை நான் படிக்கப் படிக்க மாமா கண்டுபிடித்துவிட்டார். வயர்லெஸ் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதை எழுப்புகிற ஃபைல்தான் இல்லை. அதை இன்டர்நெட்டில் எடுக்க வேண்டும். இன்டர்நெட் வருவதற்கு இன்டர்நெட் வேண்டும்! எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

"விடுக்கா, தீபாவளிக்கு வந்து நானே பண்ணித் தரேன்" என்றார் மாமா.

"தீபாவளி வரிக்கும் என்னால ஆவாதுடா. பேர சொல்லு, பாப்பா எழுதிக்கும்."

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். மறுநாள் என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல், பென் டிரைவும் தாளுமாகப் புத்தூருக்கு பஸ் ஏறினாள். அங்கே நெட் சென்டரில் கரண்ட் இல்லை, சாயங்காலம்தான் வருமாம். வீட்டுக்குத் திரும்புவோம் என்று நினைத்தேன். அம்மா ரேணிகுண்டா பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ரேணிகுண்டா சென்டர்காரர் நிமிஷத்தில் ஒரு ஃபைலை இறக்கி, "அயிப்போயிந்தம்மா" என்று, வேலை முடிந்ததாகத் தெலுங்கில் சொல்லி, பென் டிரைவை நீட்டினார். அம்மா வாங்கவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தாளைத் திரையோடு ஒட்டிப் பிடித்து, கோலத்தில் புள்ளி சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டாள். கடைசி எண்ணில் விரலை நிறுத்தினாள்.

"இதி காது. சூடண்டி." இது இல்லை, பாருங்கள் என்றாள்.

அவர் பார்த்தார். ஒரு எண் மாறித்தான் இருந்தது. சரியானதை இறக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, மாமா சொன்ன இடத்தில் ஃபைலைப் போட்டு லேப்டாப்பை அணைத்துப் போட்டதும், திரையின் மூலையில் டீச்சரம்மா வீட்டு வைஃபையின் பெயர் வந்தது. நான் குதித்தேன். அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பாஸ்வேர்டைத் தட்டி நைனாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

நைனாவின் முகம் கட்டம் கட்டமாக வந்து, பிறகு தெளிந்தது. "இன்னாம்மா, நீயா பண்ண?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடி இடது கையை ஆட்டினார்.

அம்மா திரையருகே குனிந்தாள். "சோத்துக் கைய காட்டுங்க."

"இங்க லைட்டு சரியில்ல…"

"காட்டுங்க."

நைனா வலது கையைத் தூக்கினார். கட்டுப் போட்டிருந்தது.

"மிஷின்ல மாட்டிக்கிச்சு. நீ பயந்துக்குவன்னுதான் சொல்லல."

"வேல போதும். பொறப்பட்டு வந்துடுங்க" என்றாள் அம்மா.

இரண்டு மாதத்தில் நைனா வந்துவிட்டார், வலது கையில் மூன்றே விரல்களோடு. லேப்டாப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், குவைத்திலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் மூலம் அவர் கொடுத்தனுப்பியிருந்த கடைசிக் கடிதம் வேறு யாரோ எழுதியது என்பதை அம்மா கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுகொண்டிருக்கிறாள். இதை அவள் சொல்லி நான் கேட்டது வெகுகாலம் கழித்து.

வீடியோவில் பேசி முடித்த அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா லேப்டாப்பை மூடிவிட்டு அழுகிறாள் என்பதுதான். மறுபடி கனெக்‌ஷன் போய்விட்டதாக நினைத்துத் திறந்து பார்த்தேன். பிறகு அவள் தோளை உலுக்கி, "ஏம்மா அழற, சிக்னல் ஃபுல்லா இருக்குதும்மா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன்.